கசிவுக் கணக்கு

ஏழு குறிப்பேடுகள் என்னிடம் வந்தன,
பொருளாளர் பதவியோடு, ஒரு பிஸ்கட் டப்பாவில்.
முதலாவது ஈரம் குடித்து
பொரித்த அப்பளமாய் வளைந்திருந்தது.

1931, அக்டோபர்:
"சுரங்கத்தில் இறங்கும் ஒவ்வொருவர் கூலியிலும்
வாரம் ஒரு பென்னி பிடிப்பது.
எதிர்ப்பு ஒருவர். காரணம்: மழை போதாதா நமக்கு?"

வேல்ஸில், எங்கள் பள்ளத்தாக்கில், மழை போதும்தான்.
ஆனாலும் வெட்டினார்கள்.
பகலெல்லாம் மண்ணுக்கடியில் வெட்டியவர்கள்
சாயங்காலம் வந்து
வானம் தெரிய வெட்டினார்கள்.

தண்ணீர் ஓடையிலிருந்து.
சூடு, சுரங்கத்துக் கொதிகலனிலிருந்து.
வீணாய்ப் போகும் ஆவியை
ஒரு குழாய் சரிவில் இறக்கிக்கொண்டு வந்தது.
ஜனவரியில் அந்தக் குழாயின் மேல் மட்டும்
பனி தங்கவில்லை; பூனைகள் தங்கின.

பெண்களுக்குச் செவ்வாய், இரண்டு மணி நேரம்.
1938இல் க்வென்லியன் ப்ராஸர்
ஒரு சனிக்கிழமை, ஆண்கள் நடுவே,
நாற்பது முறை குறுக்கே நீந்திக் கரையேறினாள்.
"கண்டனத் தீர்மானம் நிறைவேறியது."
அடுத்த வரி வேறு கையெழுத்து, பென்சில்:
"முன்மொழிந்தவருக்கு நீந்தத் தெரியாது."

மூன்றாம் குறிப்பேட்டில் நான்கு பக்கம் கிழிந்திருக்கிறது.
யாரும் காரணம் சொல்வதில்லை.
ஆழமான முனையில்
கயிறு கட்டிய வளையமொன்று தொங்குகிறது,
வருடாவருடம் புதிது.
அதன் செலவு எந்தக் கணக்கிலும் இல்லை.

சுரங்கம் மூடிய தேதியும் இல்லை.
1985, ஜூன் இரண்டாம் வாரம் என்று மட்டும்:
"விற்ற சீட்டு நான்கு. குழாய் ஜில்."

சங்கம் நொடித்தது. குளம் நகராட்சிக்குப் போனது.
சரளை கொட்டி நிரப்பினால்
முப்பத்தாறு கார் நிறுத்தலாமாம்.
லாரி வந்த காலை
வற்றிய தரையில் நாற்காலி போட்டு
எழுபது பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.
ஓட்டுநர் ஹேடன் எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன்;
அவனுக்கும் ஒரு கோப்பை.
பதினொரு மாதம் இழுத்தடித்துக் குத்தகைப் பத்திரம்:
தொண்ணூற்றொன்பது வருடம், ஒரு பவுண்டு.
அந்த ஒரு பவுண்டுக்கும் ரசீது இருக்கிறது.

என் காலத்துக் கதை, விரிசல்.
இரவுக்கு நாலு விரற்கடை இறங்கியது நீர்.
மீட்டர் ஓடியது, கேக் விற்ற காசு ஓடியது.
எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியவில்லை.
அடைக்கும் தீர்மானத்துக்கு எதிராக
மூன்று கூட்டத்திலும் கை தூக்கியவர்
மெர்ஃபின் பெவன் ஒருவரே.
"வயசான குளம், கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும்."

எலினெடின் மகள், மண்ணியல் படிப்பவள்,
ஒரு புட்டி பச்சைச் சாயம் ஊற்றிவிட்டுக் காத்திருந்தாள்.
மூன்றாம் நாள்,
இரண்டு தெரு கீழே,
மெர்ஃபின் தோட்டத்துப் பாத்தியில்
பச்சை ஊறி நின்றது.
பதினொரு செப்டம்பராய்க் கண்காட்சியில்
முதல் பரிசு வாங்கிய லீக்ஸ்,
வெங்காயத்தாளுக்குப் பெரியண்ணன்,
முழங்கைப் பருமன், அங்கேதான்.

யாரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.
விரிசலை அடைத்தோம்.
அந்த வருடம் அவர் தண்டுகள்
பென்சில் பென்சிலாய் நின்றன.

மறு மே, கதவு திறந்த முதல் சனி,
எழுபத்திரண்டு வயதில், விலைச்சீட்டு கிழிக்காத துண்டோடு
என் ஜன்னல் முன் வந்து நின்றார்.
"இத்தனை நாள் அது என் வீடு தேடி வந்தது.
ஒரு தரம் நான் போய்ப் பார்க்க வேண்டாமா?"
முதியோர் சலுகை வேண்டாமாம். முழுக் கட்டணம்.
"பாக்கி பதினொரு வருடம்" என்றேன்.
சிரிக்கவில்லை.
படியில் உட்கார்ந்து கணுக்கால் வரை விட்டார்.
"ஜில்லென்று இருக்கிறதே!"

ஏழாம் குறிப்பேட்டில் பதிந்தேன்:
சீட்டு ஒன்று.
புகார் ஒன்று.